விசாரிக்கப்படாத ஆசிரியர்

அரக்கோணத்திலிருந்து காட்பாடி மார்க்கமாகச் செல்லும் காலை ரயிலில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பயணம் செய்தவன் நான். பாலாற்றை ஒட்டிய ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பிப்பது என் வேலை. நான் வழக்கமாக ஏறும் பெட்டியில் பாதிப்பேர் ஆசிரியர்கள். சோளிங்கரில் சிலர், வாலாஜா ரோட்டில் சிலர் என இறங்கிக்கொண்டே இருப்பார்கள். எங்கேனும் ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் மீது புகார் எழுந்துவிட்டால், அந்தச் செய்தி கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேரும் முன்னரே எங்கள் பெட்டிக்கு வந்துவிடும். வாலாஜா ரோடு வருவதற்குள் வழக்கு நடந்து தீர்ப்பும் வழங்கப்பட்டிருக்கும். சம்பந்தப்பட்டவரை எங்களில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டோம். அத்தகைய தீர்ப்புகளில் நானும் என் பங்கைச் செலுத்தியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, இந்தியக் கல்வி வரலாற்றைச் சற்று முறையாகப் படிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் 1831 ஏப்ரல் 23 அன்று கல்கத்தாவில் நடந்த ஒரு நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு கண்ணில் பட்டது. படித்து முடித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது போன்ற மேசையைச் சுற்றி நானும் இரண்டு முறை அமர்ந்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தால் வேலையிழந்தவர் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு அவர் இந்திய ஆங்கிலக் கவிதையின் முன்னோடி. வரலாறு படித்தவர்களுக்கு வங்க மறுமலர்ச்சியின் தொடக்கப் பெயர்களுள் ஒன்று. எனக்கு இப்போது அவர், விசாரிக்கப்படாமலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஓர் ஆசிரியர்.

டெரோசியோ 1809 ஏப்ரல் 18 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தந்தை போர்த்துகீசிய வழித்தோன்றல், ஜே. ஸ்காட் என்ற வணிக நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். தாய் ஆங்கிலேயர். அந்தக் காலத்தில் இத்தகைய கலப்பினத்தவரைக் கிழக்கிந்தியர் என்று அழைத்தனர். வெள்ளையர்களின் விருந்துகளில் அவர்களுக்கு இடமில்லை. இந்தியர்களின் வீடுகளிலும் இல்லை. இந்த இரண்டுக்கும் இடையில் பிறந்த ஒருவர், இந்தியாவைத் தன் தாய்நாடு என்று விளித்து ஆங்கிலத்தில் கவிதை எழுதிய முதல் சிலரில் ஒருவரானார் என்பதை இன்று நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம்.

ஆறு வயதில் அவர் சேர்ந்த பள்ளி, டேவிட் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தர்மதலாவில் நடத்தியது. டிரம்மண்ட் சிந்தனையாளர், எதையும் கேள்வி கேட்டுப் பழகச் சொன்னவர். ஐரோப்பியக் குழந்தைகளும் கிழக்கிந்தியக் குழந்தைகளும் இந்தியக் குழந்தைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த பள்ளி அது. டெரோசியோவின் முறைப்படியான கல்வி 14 வயதில் அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு தந்தையின் அலுவலகத்தில் சில காலம் எழுத்தர் வேலை பார்த்தார். அது பிடிக்காமல் பாகல்பூருக்குச் சென்று, உறவினரின் அவுரித் தோட்டத்தில் தங்கினார். கங்கைக்கரையில் கழிந்த அந்த நாள்களில்தான் கவிதைகள் எழுதத் தொடங்கினார். அவற்றை இந்தியா கெஜட் இதழுக்கு அனுப்ப, அதன் ஆசிரியர் ஜான் கிராண்ட் தொடர்ந்து வெளியிட்டார். முதல் கவிதைத் தொகுதி 1827-இல் வந்தது. ஜங்கீராவின் பக்கிரி என்ற நெடுங்கவிதை அடுத்த ஆண்டு. அப்போது அவருக்கு 19 வயது.

இதற்கிடையே 1826-இல், 17 வயதில், கல்கத்தா இந்து கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தார். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அதைப் பள்ளி என்றே கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகள் முதல் மீசை அரும்பும் இளைஞர்கள் வரை அங்கே படித்தார்கள். 1817-இல் கல்கத்தாவின் செல்வந்த இந்துக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி கிடைக்க வேண்டும் என்று நிதி திரட்டித் தொடங்கிய நிறுவனம் அது. கடிகாரத் தொழிலில் பொருளீட்டிய டேவிட் ஹேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்காகத் தன் வாழ்நாளையே தந்தார். பெற்றோர்களுக்கு வேண்டியது ஆங்கிலம். ஆங்கிலம் தரும் உத்தியோகம். அந்த மொழியோடு சேர்ந்து வரும் சிந்தனைகள் அவர்களின் ஒப்பந்தத்தில் இல்லை.

டெரோசியோவின் வகுப்பில் இருந்தவர்கள் அவரைவிட நான்கைந்து வயது இளையவர்கள். சிலர் ஏறக்குறைய ஒத்த வயதினர். பாடநூலை முடித்ததோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. வகுப்பு முடிந்த பின்னும் பேச்சு நீண்டது. அவர் வீட்டிலும் நீண்டது. 1828-இல் ஒரு விவாதக் கழகம் உருவாயிற்று. மாணிக்தலாவில் ஸ்ரீகிருஷ்ண சிங் என்பவரின் தோட்ட வீட்டில் அது கூடியது. விதி, சுதந்திர விருப்பம், கடவுள், உருவ வழிபாடு, நாட்டுப்பற்று என்று எதையும் இரு தரப்பாகப் பிரிந்து வாதிட்டார்கள். டேவிட் ஹேர் அங்கே வந்து அமர்ந்து கேட்பது உண்டு. அந்த இளைஞர்களின் பெயர்களைப் பின்னாளில் வங்காளம் நன்கு அறிந்தது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்ட பெருமைக்குரிய ராதாநாத் சிக்தார், சொற்பொழிவாளரும் வணிகருமான ராம்கோபால் கோஷ், அறிஞர் கிருஷ்ண மோகன் பானர்ஜி, நாவலாசிரியர் பியாரி சந்த் மித்ரா, நல்லாசிரியர் என்று போற்றப்பட்ட ராம்தனு லாஹிரி எல்லோரும் அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இளம் வங்காளம் என்ற பெயர் ஏற்பட்டது.

அந்தப் பிள்ளைகள் எல்லோரும் சாதுக்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பதினாறு வயதில் புதிதாக ஒரு சிந்தனை கையில் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்களோ அதையெல்லாம் செய்தார்கள். விலக்கப்பட்ட உணவை உண்டார்கள். உண்டதை ஊரறியச் சொன்னார்கள். வழிபாட்டு நேரத்தில் மந்திரத்துக்குப் பதிலாக ஹோமரின் வரிகளைச் சொன்னவர்கள் உண்டு என்று ஒரு செய்தி. ஒரு தந்தையின் இடத்தில் இருந்து பார்த்தால், காசு கொடுத்து ஆங்கிலம் படிக்க அனுப்பிய மகன் வீட்டுப் பூசையறையைக் கேலி செய்கிறான். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். காலமும் கொந்தளிப்பானது. 1829 டிசம்பரில் உடன்கட்டை ஏறும் வழக்கத்தை அரசு தடை செய்தது. அதை எதிர்த்து 1830 ஜனவரியில் தர்ம சபை தோன்றியது. அதே ஆண்டு அலெக்சாண்டர் டஃப் என்ற மதப் போதகர் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். எல்லாப் பக்கமும் தங்கள் வீடு பறிபோகிறது என்று எண்ணியவர்களுக்கு, கையருகே கிடைத்த ஒரே ஆள் 21 வயது ஆசிரியர்.

கல்லூரியின் தலைமை ஆசிரியர் டான்செல்முக்கும் அவர் மீது நல்லெண்ணம் இல்லை. ஒருநாள் தன் வகுப்பின் முன்னேற்ற அறிக்கையைக் கொடுக்கச் சென்ற டெரோசியோவை அவர் அடிக்கக் கை ஓங்கினார். டெரோசியோ பின்வாங்கித் தப்பினார். அருகில் நின்ற டேவிட் ஹேரையும் துதிபாடி என்று டான்செல்ம் ஏசினாராம். யாருடைய துதிபாடி என்று ஹேர் அமைதியாகத் திருப்பிக் கேட்டார். ஹேரின் வாழ்க்கையை எழுதிய பியாரி சந்த் மித்ரா இதைப் பதிவு செய்திருக்கிறார். ஓங்கிய அந்தக் கையைப் பற்றி எந்தக் குழுவும் கூடவில்லை.

ஊரில் புரளிகள் பரவின. அவற்றுள் ஒன்று, டெரோசியோவின் சகோதரியை ஓர் இந்து மாணவனுக்கு மணம் முடிக்கப் போகிறார்கள் என்பது. சகோதரி அல்ல, மகள் என்றும் சிலர் சொன்னார்கள். அவருக்கு மகளே கிடையாது. டெரோசியோ அந்தப் பேச்சின் மூலத்தைத் தேடிச் சென்று கண்டுபிடித்தார். தினமும் வீடு வீடாகச் சென்று ஊர்ச் செய்திகளைச் சொல்லிப் பிழைத்துவந்த பிருந்தாவன் கோஷால் என்ற ஏழை அந்தணர்தான் அதைச் சுமந்து திரிந்தவர். எங்கள் ரயில் பெட்டியில் அப்படிப்பட்டவர்கள் சம்பளம் வாங்காமலே அந்த வேலையைச் செய்தார்கள். இன்று அது ஒவ்வொருவர் கைப்பேசியிலும் நடக்கிறது.

இனி அந்தக் கூட்டம். டெரோசியோவுக்கு 22 வயது நிறைந்து ஐந்து நாள்கள் ஆகியிருந்தன. ராம்கமல் சென் ஒரு குறிப்பை முன்வைத்தார். எல்லாத் தீமைக்கும் வேர் டெரோசியோவே என்பதும், அவரை நீக்க வேண்டும் என்பதும், சமய ஆசாரங்களுக்குப் பகிரங்கமாக எதிராக நடக்கும் மாணவர்களையும் வெளியேற்ற வேண்டும் என்பதும் அதன் சாரம். அதில் இரண்டு எண்கள் இருந்தன. மதிப்புமிக்க குடும்பங்களின் பிள்ளைகள் 25 பேர் கல்லூரியை விட்டு விலகிவிட்டார்கள். மேலும் 160 பேர் வருவதில்லை. அவர்களில் சிலர் உடல்நலமின்றி இருக்கலாம், ஆனால் பலர் விலகும் எண்ணத்தில் இருக்கிறார்கள்.

பொருளாதாரம் படித்தவனுக்கு இந்த 160-ஐக் கடந்து செல்ல முடியவில்லை. ஏப்ரல் மாதக் கல்கத்தா வெயிலில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேர் ஊருக்குப் போயிருந்தார்கள், எத்தனை பேரை டெரோசியோவின் பெயரைச் சொல்லித் தந்தையர் தடுத்து வைத்தார்கள்? யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மேசைமீது எண் ஒன்று வைக்கப்பட்டது. அறையில் இருந்த அச்சம் அதற்கு விளக்கமாக அமைந்தது.

குழு முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி சரியானது. ஒழுக்கத்தாலும் கொள்கைகளாலும் டெரோசியோ மாணவர்களை ஒப்படைக்கத் தகாதவர் என்று முடிவு செய்ய நியாயமான ஆதாரம் இருக்கிறதா? ஒன்பது பேர் கருத்துச் சொன்னார்கள். சந்திர குமார் தாகூரும் ரசமய் தத்தரும், கேள்விப்பட்டதைத் தவிரத் தங்களுக்கு எதுவும் தெரியாது என்றனர். பிரசன்ன குமார் தாகூர், ஆதாரம் இல்லாததால் அவரைக் குற்றமற்றவராகவே கருதினார். ஹொரேஸ் ஹேமன் வில்சன், தான் எந்தத் தீய விளைவையும் காணவில்லை, அவர் மிகுந்த திறமை உள்ள ஆசிரியர் என்றார். ஹேர் அதைவிட உறுதியாகப் பாராட்டினார். ஸ்ரீகிருஷ்ண சிங், அவர் தகாதவர் என்பது சிறிதும் உண்மையில்லை என்றார். ராதாகாந்த தேவ், ராம்கமல் சென், ராதாமாதவ் பானர்ஜி ஆகிய மூவர் மட்டுமே தகாதவர் என்றார்கள். அவர்களிலும் ராதாமாதவ் சொன்னது கேள்விப்பட்டதன் பேரில். ஆறுக்கு மூன்று.

கூட்டம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கேள்வியை மாற்றினார்கள். கல்கத்தாவின் இந்து சமூகத்தில் இப்போது நிலவும் மனநிலையில், டெரோசியோவை நீக்குவது உசிதமா? இதற்குச் சந்திர குமார், ராதாகாந்தர், ராம்கமல், ராதாமாதவ் ஆகிய நால்வர், அவசியம் என்றனர். சற்று முன் குற்றமற்றவர் என்று சொன்ன பிரசன்ன குமாரும், எதுவும் தெரியாது என்ற ரசமய் தத்தரும், உசிதமே என்றனர். ஸ்ரீகிருஷ்ண சிங் ஒருவர்தான் தேவையில்லை என்றவர். விவாதக் கழகம் கூடியது அவருடைய தோட்டத்தில் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்து சமூகத்தின் உணர்வு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வில்சனும் ஹேரும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்தக் கேள்வி மாறும் இடத்தைத்தான். முதல் கேள்வி டெரோசியோவைப் பற்றியது. அதற்கு விடை காண அவரை அழைக்க வேண்டும், சாட்சிகளைக் கேட்க வேண்டும், மாணவர்களைக் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வி கல்லூரியைப் பற்றியது. அதற்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை. மேலும், ஊரின் மனநிலை என்னவென்று அந்த அறையில் அளந்து சொன்னவர்கள் யார்? தர்ம சபையின் தலைவர் ராதாகாந்த தேவ் அங்கேயே அமர்ந்திருந்தார். மனநிலையை உருவாக்குபவரே அதற்குச் சாட்சியும் ஆனார்.

அந்த அறையில் இருந்தவர்களைக் கொடியவர்களாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ராதாகாந்த தேவ் சப்தகல்பத்ருமம் என்ற மாபெரும் சம்ஸ்கிருத அகராதியைத் தொகுத்தவர். பெண் கல்விக்கு ஆதரவாக நின்றவர். ராம்கமல் சென் ஆங்கில-வங்காள அகராதி தந்தவர்; கேசவ சந்திர சென்னின் பாட்டனார். வில்சன் சம்ஸ்கிருத அறிஞர். மெக்கன்சி திரட்டிய தென்னாட்டுச் சுவடிகளுக்கு 1828-இல் அட்டவணை வெளியிட்டவரும் அவரே. அந்த வகையில் தமிழ் ஆராய்ச்சியாளர்களும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அதனால்தான் எனக்கு இது உறுத்துகிறது. படித்தவர்கள், பொறுப்பானவர்கள், தாங்கள் அறிந்த உண்மைக்கு எதிராகச் சில நிமிடங்களில் வாக்களித்தார்கள். இன்னும் இருவர், உண்மை தெரிந்தும் வாக்களிக்காமல் இருந்தார்கள்.

வில்சன் டெரோசியோவுக்குச் செய்தி அனுப்பி, நீக்கப்படும் முன் தாமாகவே விலகுவது நல்லது என்று தெரிவித்தார். ஏப்ரல் 25 தேதியிட்ட ராஜிநாமா கடிதம் வந்தது. அதில் டெரோசியோ சில செய்திகளைப் பதிவு செய்யச் சொன்னார். தன் மீது குற்றச்சாட்டு எதுவும் கொண்டுவரப்படவில்லை. கொண்டுவரப்பட்டிருந்தால் அது தனக்குத் தெரிவிக்கப்படவில்லை. குற்றம் சாட்டியவர்களின் முன் தான் நிறுத்தப்படவில்லை. எந்தத் தரப்பிலும் சாட்சி விசாரிக்கப்படவில்லை. தன் நடத்தை ஆராயப்பட்டபோது தற்காத்துக்கொள்ள வாய்ப்பு தரப்படவில்லை. பெரும்பான்மையினர் தன்னைத் தகாதவர் என்று கருதாதபோதும் நீக்க முடிவு செய்யப்பட்டது. இந்தக் காலத்தில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் பதினேழு பி என்று அச்சத்தோடு சொல்லும் குறிப்பாணைக்குப் பின்னால் இருக்கும் நெறிகள் பெரும்பாலும் இவைதாம். குற்றச்சாட்டை எழுத்தில் கொடு, பதில் சொல்ல அவகாசம் கொடு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவிடு. சட்டம் படிக்காத 22 வயது இளைஞர், 1831-இல் அவற்றை வரிசையாக எழுதி வைத்துவிட்டுப் போனார்.

வில்சன் அன்றே பதில் எழுதினார். இது விசாரணையாக இருக்கவில்லை, கண்டனமும் இல்லை, மக்கள் கூச்சலுக்கு இணங்குவதா என்பதே கேள்வி என்று விளக்கினார். அதன்பின் மூன்று கேள்விகள் கேட்டார். கடவுள் உண்டு என்று நம்புகிறீரா? பெற்றோரை மதிப்பதும் கீழ்ப்படிவதும் கடமையில் சேராது என்று கருதுகிறீரா? உடன்பிறந்தோர் மணம் செய்துகொள்வது குற்றமற்றது என்று எண்ணுகிறீரா? ஊரில் உலவிய குற்றச்சாட்டுகள் இவைதாம். தீர்ப்பு சனிக்கிழமை, குற்றப்பத்திரிகை திங்கள்கிழமை.

டெரோசியோ ஏப்ரல் 26 அன்று எழுதிய பதில் நீளமானது. கடவுள் இல்லை என்று எவர் காதிலும் தான் சொன்னதில்லை என்றார். ஆனால், இரு தரப்பு வாதங்களையும் மாணவர்முன் வைத்ததை மறுக்கவில்லை. ஹியூமின் ஐயங்களைப் படிக்கச் சொன்னவர், அவற்றை மறுத்து ரீடும் ஸ்டூவர்ட்டும் எழுதியதையும் படிக்கச் சொல்லியிருக்கிறார். பெற்றோரைப் பற்றிய குற்றச்சாட்டு அவரை மிகவும் புண்படுத்தியது. தந்தை அப்போது உயிருடன் இல்லை. இருந்திருந்தால் தன் மகனுக்காக அவரே பதில் சொல்லியிருப்பார் என்று எழுதினார். தட்சிணாரஞ்சன் என்ற மாணவர், தந்தையின் கொடுமை தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறப் போவதாகச் சொன்னபோது, பொறுத்துக்கொள் என்று தடுத்ததைக் குறிப்பிட்டார். அந்த மாணவர் சில வாரங்கள் பொறுத்துவிட்டுப் பிறகு வெளியேறி, ஆசிரியரின் வீட்டருகே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் தடுத்திருப்பீர்கள் என்றாராம். மற்றொரு மாணவர் தன் தந்தையிடம் மரியாதையின்றிப் பேசியதற்காக அவரை மன்னிப்புக் கேட்க வைத்ததையும் எழுதினார். மூன்றாவது கேள்விக்கு அவர் தந்த பதில், இப்படியொரு அபத்தத்தைத் தான் கற்பித்ததே இல்லை என்பது.

இந்த மாணவர்களில் ஒருவரையாவது கூட்டத்துக்கு அழைத்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

வேலை போன பின் அவர் ஓயவில்லை. கிழக்கிந்தியர் சமூகத்துக்காக ஈஸ்ட் இந்தியன் என்ற நாளிதழைத் தொடங்கினார். மாணவர்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவரை நீக்கியதால் கொந்தளிப்பும் அடங்கவில்லை. அந்த ஆகஸ்டில் கிருஷ்ண மோகனின் நண்பர்கள் மாட்டிறைச்சியை உண்டு மிச்சத்தைப் பக்கத்து வீட்டில் எறிந்த சம்பவம் நடந்து, கிருஷ்ண மோகன் வீட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. ஆக, உசிதம் என்று செய்ததும் பயன் தரவில்லை. டிசம்பரில் டெரோசியோவுக்கு வாந்திபேதி கண்டது. மாணவர்கள் இரவு பகலாக அருகிருந்து பார்த்துக்கொண்டார்கள். 1831 டிசம்பர் 26 அன்று அவர் இறந்தார். கல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இந்து கல்லூரி 1855-இல் பிரசிடென்சி கல்லூரியாயிற்று. இன்று அங்கே அவர் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது.

நான் அமர்ந்த மேசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது, நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன காலம். ஓர் இளம் விரிவுரையாளர் மாணவர்களைக் கெடுக்கிறார், நடத்தை சரியில்லை என்று சில பெற்றோர் கையெழுத்திட்ட மனு வந்தது. எங்கள் மூவரை விசாரிக்கச் சொன்னார்கள். என்ன நடத்தை, எந்த நாளில் என்று மனுவில் இல்லை. இரண்டாம் அமர்வில் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து, அந்த ஆண்டு விற்ற விண்ணப்பப் படிவங்களின் எண்ணிக்கையையும் முந்தைய ஆண்டின் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு பேச்சு ராஜிநாமாவை நோக்கித் திரும்பிவிட்டது. அவரை நாங்கள் அழைக்கவே இல்லை. நான் கையெழுத்திட்டேன்.

இரண்டாவது, அதற்குப் பல ஆண்டுகள் பின்னர். இம்முறை புகார் கொடுத்தவர் ஒரு மாணவி. அவருடைய தாய் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மகளோடு வந்தார். மாணவி சொன்னதில் தேதி இருந்தது, இடம் இருந்தது, கூட இருந்தவர் பெயர் இருந்தது. நாங்கள் மூவருமே அதை நம்பினோம். ஆனாலும் விஷயம் வெளியே போனால் பெண் பிள்ளைகளை யாரும் சேர்க்க மாட்டார்கள் என்ற பேச்சு வந்தது. மறுபடியும் ஒரு ராஜிநாமா கடிதம். அந்த ஆள் நன்னடத்தைச் சான்றிதழோடு போய் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தார். தாய் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, என்ன முடிவாயிற்று என்று கேட்டபோது, அவர் போய்விட்டார் என்ற பதில்தான் கிடைத்தது. அந்தக் கோப்பிலும் என் கையெழுத்து இருக்கிறது.

ஆதாரமற்ற புகாருக்கும் ஆதாரமுள்ள புகாருக்கும் ஒரே மருந்து. 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஓர் ஆசிரியரை நீக்க வேண்டுமானால் உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. பள்ளிகளுக்கான 1973-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே ஏற்பாடு இருந்தது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் ஒரு வழியில் செலவு கூடினால் மக்கள் செலவில்லாத வழிக்கு மாறுவார்கள் என்பது நான் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நீக்கம் கடினமானதும் ராஜிநாமா அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கு அனுமதி வேண்டாம், விசாரணை வேண்டாம், உண்மை என்னவென்று எழுத வேண்டாம்.

குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் குற்றங்களில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இந்த வழியை அடைத்திருக்கிறது. தெரிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2021 நவம்பரில் கோயம்புத்தூரில் ஒரு மாணவி தற்கொலை செய்துகொண்ட பிறகு, முன்பே தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் கைதானபோதுதான் பல நிர்வாகங்கள் இந்தப் பிரிவைப் படித்தன. ஆனால் மற்றப் புகார்களில், வயது வந்த மாணவியரின் புகார்களில், அடி, சாதிப் பெயர் சொல்லித் திட்டுதல், பண முறைகேடு ஆகியவற்றில், முதலில் கேட்கப்படுவது இன்றும் அந்த இரண்டாவது கேள்விதான். நடந்தது என்ன என்பதை விசாரிப்பவர்கள், அடுத்த ஆண்டுச் சேர்க்கை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்களாக இருக்கக் கூடாது. கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒருவர், மாவட்ட அளவில் ஒரு குழு, எழுத்தில் ஒரு முடிவு, அதன் நகல் புகார் கொடுத்தவருக்கும் புகாருக்கு உள்ளானவருக்கும். விசாரணை நிலுவையில் இருக்கும்போது ராஜிநாமாவை ஏற்கக் கூடாது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. எங்கள் கல்லூரியில் விண்ணப்பப் படிவம் அச்சிட்ட செலவைவிடக் குறைவுதான்.

முதல் வழக்கின் விரிவுரையாளரை நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் காட்பாடி நடைமேடையில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவராகவே வந்து, வணக்கம் சார் என்றார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டில் டியூஷன் எடுப்பதாகச் சொன்னார். அன்று அந்த மனுவில் என்னதான் எழுதியிருந்தது என்று அவர் கேட்டார். அரக்கோணம் வண்டி வந்துவிட்டது, நான் ஏறிக்கொண்டேன்.